கம்பெனி என்றால் யார்?

 

இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு சொல். அது ஆங்கிலச் சொல். ஆனால் ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத பாட்டிக்கும் அது தெரியும். அந்தச் சொல், கம்பெனி.

காலையில் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் நின்று பாருங்கள். விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். திருப்பூரில் யாரைக் கேட்டாலும் "பனியன் கம்பெனிக்குப் போறேன்" என்பார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனி. மெக்கானிக் கடையில் வண்டியை விட்டால், "கம்பெனி பார்ட்ஸ் போடவா, லோக்கல் போடவா?" என்று கேட்பார். அங்கே கம்பெனி என்றால் அசல், நம்பிக்கையானது என்று பொருள். தேர்தல் வந்துவிட்டால் செய்தித்தாளில் "துணை ராணுவம் இத்தனை கம்பெனி வருகிறது" என்று போடுவார்கள். அங்கே கம்பெனி என்றால் படை. தனியே டீ குடிக்கப் போகிற நண்பன், "வாடா, சும்மா ஒரு கம்பெனி குடு" என்பான். அங்கே கம்பெனி என்றால் துணை.

தொழிற்சாலை, அசல் பொருள், படை, துணை. ஒரே சொல்லுக்கு இத்தனை முகங்களா? இவற்றுக்குள் ஏதேனும் உறவு உண்டா? உண்டு. அந்த உறவைத் தேடிப் போனால் பல நூற்றாண்டு வரலாறு விரிகிறது. நம்மை ஆண்ட வரலாறு, நாம் எதிர்த்து நின்ற வரலாறு, நம் சேமிப்பைப் பறிகொடுத்த வரலாறு, எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதனால்தான் இந்தச் சொல்லைத் தேர்ந்தேன்.

முதலில் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் "கொம்" என்றால் உடன். "பானிஸ்" என்றால் ரொட்டி. உடனிருந்து ரொட்டி உண்பவன் "கொம்பானியோ". அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கம்பெனி ஆயிற்று. ஆக, அந்தச் சொல் பிறந்தபோது அதில் இலாபம் இல்லை, பங்கு இல்லை, முதலீடு இல்லை. ரொட்டி இருந்தது. அதைப் பிட்டுப் பகிர்ந்துகொள்ளும் கைகள் இருந்தன. நம் ஊரில் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் என்று சொல்கிறோமே, அதுதான் கம்பெனி.

பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து வணிகக் குடும்பங்கள் இந்தச் சொல்லை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தன. பார்தி குடும்பம், பெரூட்சி குடும்பம் இரண்டும் அக்காலத்தில் அரசர்களுக்கே கடன் கொடுத்தவை. அண்ணன், தம்பி, உறவினர், நெருங்கிய கூட்டாளிகள் எல்லாரும் பணம் போட்டார்கள். இலாபம் வந்தால் எல்லாருக்கும். நட்டம் வந்தால்? அதுவும் எல்லாருக்கும். கடன்காரன் கதவைத் தட்டினால் வீட்டையும் நிலத்தையும் விற்றுக் கொடுக்க வேண்டும். 1343-இல் பெரூட்சி வீழ்ந்தது. சில ஆண்டுகளில் பார்தியும் வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியின் சுமை அந்தக் குடும்பங்களின் தலையிலேயே விழுந்தது.

இங்கே ஒரு விதியைக் கவனியுங்கள். கூடி உண்டார்கள், கூடிச் சுமந்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்திருந்தவரை அந்தச் சொல் தன் பொருளோடு இருந்தது. இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு கதையிலும் இந்த இரண்டு கேள்விகளையும் என்னோடு சேர்ந்து கேட்டுக்கொண்டே வாருங்கள். கூடி உண்பவர் யார்? கூடிச் சுமப்பவர் யார்?

படைக்கு ஏன் கம்பெனி என்று பெயர்? ஒரு தலைவனின் கீழ் ஏறத்தாழ நூறு வீரர்கள். ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, ஒன்றாகக் களத்துக்குப் போகிறவர்கள். ஒருவன் அடிபட்டால் மற்றவன் தூக்கிச் சுமக்கிறான். பழைய பொருள் அங்கே இன்றும் அப்படியே இருக்கிறது.

நம் நாடகக் கம்பெனிகளுக்கும் அந்தப் பெயர் பொருந்தியது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையைச் சுற்றி எத்தனை பாய்ஸ் கம்பெனிகள்! 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்தார். ஏன் சேர்ந்தார்? வீட்டில் வறுமை. கம்பெனியில் சேர்ந்தால் மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. ஊருக்கு ஊர் ஒரு கம்பெனி வீடு எடுப்பார்கள். ராஜபார்ட்டும், ஸ்திரீபார்ட்டும், திரை இழுக்கிறவரும் அங்கேதான் தங்குவார்கள், அங்கேதான் பந்தி. இலத்தீன் தெரியாத நம் நாடகக்காரர்கள் அந்தச் சொல்லின் முதற்பொருளை வாழ்ந்தே காட்டினார்கள். கண்டிப்பும் இருந்தது, அடியும் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அங்கே ஒரு பந்தி இருந்தது. அதில் கடைசிச் சிறுவனுக்கும் இலை இருந்தது.

அன்பர்களே! "கூடி வணிகம் செய்வது வெள்ளைக்காரன் கற்றுத்தந்த வித்தையா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். இல்லவே இல்லை. மதுரைக்கு அருகே மாங்குளத்தில் தமிழி எழுத்தில் பொறித்த பழைய கல்வெட்டு ஒன்று, வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தாரைச் சொல்கிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே நமக்கு அப்படி ஓர் அமைப்பு இருந்திருக்கிறது. பிறகு மணிக்கிராமத்தார் வந்தார்கள். அஞ்சுவண்ணத்தார் வந்தார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வந்தார்கள். தாய்லாந்தில் தக்குவா பா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டில், ஒரு குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாருக்குத் தரப்பட்டிருக்கிறது. சுமத்திராவின் பாரூஸ் துறைமுகத்தில் 1088-இல் ஐந்நூற்றுவர் தமிழில் கல் நாட்டினார்கள். கடல் கடந்து போன இடத்திலும் அவர்கள் குழுவாக நின்றார்கள்.

அந்தக் குழுக்கள் எப்படி நடந்தன? ஒவ்வொரு வணிகனும் தன் சரக்கைத் தான் வாங்கினான், தான் விற்றான். பாதுகாப்பும், ஒழுங்கும், நற்பெயரும் குழுவுக்குப் பொது. இலண்டனில் 1394-இல் அரச சாசனம் பெற்ற துணி வணிகர் கம்பெனியும் இப்படிப்பட்டதுதான். ஆக, இந்த வகைக் குழுக்களுக்கு இங்கும் அங்கும் ஏறத்தாழ ஒரே வழி. அடுத்து வந்ததுதான் புதிது!

என்ன புதிது? கடல் வாணிபத்துக்குப் பெரும் பணம் வேண்டும். கப்பல் போய்த் திரும்ப இரண்டு ஆண்டு ஆகும்; திரும்பாமலும் போகலாம். ஒரு குடும்பத்தால் தாங்க முடியாது. ஆகவே, முன்பின் தெரியாதவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரே முதலாக்கினார்கள். இதைத்தான் கூட்டுப்பங்கு என்கிறோம். 1600 டிசம்பர் 31 அன்று இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் இருநூற்றுக்கும் மேற்பட்ட வணிகர்களுக்குச் சாசனம் வழங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. 1602-இல் டச்சுக்காரர்களின் கம்பெனி பிறந்தது. தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகப் பணம் திரட்டினார்கள். கப்பல் திரும்பியதும் பிரித்துக்கொண்டார்கள். 1657-க்குப் பிறகு அது நிரந்தர முதலாயிற்று. பங்கு போட்டவன் இறப்பான். அவன் பங்கு கைமாறும். கம்பெனி மட்டும் இறக்காது.

கவனியுங்கள், என்ன நடந்துவிட்டது? பங்கு போட்டவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து உண்டதே இல்லை. ரொட்டி போய்விட்டது, பங்காதாயம் வந்துவிட்டது. ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை. கம்பெனி!

அந்தக் கம்பெனிகள் நம் கரைக்கு வந்தன. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள். 1620-இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள். 1639-இல் சென்னைப்பட்டினத்தில் ஆங்கிலேயர்கள். 1674-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள். நான்கு நாட்டுக் கம்பெனிகள் நம் சோழமண்டலக் கரையில் வரிசையாகக் கடை போட்டன. கடையைச் சுற்றிச் சுவர் எழுந்தது. சுவரின் மேல் பீரங்கி ஏறியது. பீரங்கிக்குப் பின்னால் படை நின்றது. படைக்குச் சம்பளம் கொடுக்க நிலவரி தேவைப்பட்டது. வாங்க வந்தவன் வரி வாங்க உட்கார்ந்தான்.

நம் மக்கள் அந்தச் சொல்லை என்ன செய்தார்கள் தெரியுமா? கும்பினி என்றார்கள். கும்பினியார் என்றார்கள். கும்பினிச் சிப்பாய் என்றார்கள். கும்பினி என்றால் வியாபாரக் கூட்டம் என்று அவர்கள் பொருள் கொள்ளவில்லை. அரசு என்று பொருள் கொண்டார்கள். ஜாவா தீவிலும் மக்கள் டச்சு ஆட்சியைக் கும்பெனி என்றே அழைத்தார்கள். கொழும்பு நகரின் நடுவே கொம்பனித் தெரு என்று ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. அதுவும் கம்பெனி விட்டுப்போன பெயர்தான். மக்களின் காது பொய் சொல்வதில்லை! துலாக்கோல் பிடித்தவன் எந்த நாளில் செங்கோல் பிடித்தான் என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். சொல்லிலேயே அதைப் பதித்துவைத்தார்கள்.

அந்த ஆட்சியில் கூடி உண்டவர் யார்? கூடிச் சுமந்தவர் யார்? 1770-இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தார்கள். அந்த ஆண்டுகளில் கம்பெனி இலண்டன் பங்குதாரர்களுக்குத் தந்த பங்காதாயம் குறையவில்லை, ஏறியது. அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. பாடநூல்களில் அது அதிகம் பேசப்படுவதில்லை. 1833-இல் வந்த சாசனச் சட்டம் கம்பெனியின் வணிகத்தை நிறுத்தச் சொன்னது. சரி, வணிகம் நின்றால் இலாபம் ஏது? இலாபம் இல்லாமல் பங்காதாயம் ஏது? அதற்கும் அந்தச் சட்டமே வழி வைத்தது. பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்தரை வீதம் தர வேண்டும். அதை இந்தியாவின் வருவாயிலிருந்து தர வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். தஞ்சாவூர் உழவன் நிலவரி கட்டுகிறான். நெல்லூர் உழவன் நிலவரி கட்டுகிறான். அந்தப் பணத்தில் ஒரு பகுதி, கடலுக்கு அப்பால், இந்த மண்ணை ஒருநாளும் மிதிக்காத ஒருவரின் கையில் பங்காதாயமாகச் சேர்கிறது. அந்த உழவன் எந்தப் பங்கு வாங்கினான்? எந்தக் கூட்டத்தில் வாக்களித்தான்? உண்டவர் ஒரு கரையில். சுமந்தவர் மறு கரையில். 1858-இல் ஆட்சி பிரிட்டிஷ் அரசியிடம் போனது. அதற்குப் பிறகும் அந்தப் பங்காதாயம் நிற்கவில்லை. 1874 ஜூன் 1 அன்றுதான் அந்தக் கம்பெனி கலைக்கப்பட்டது.

கும்பினி போய்விட்டது. கம்பெனி போகவில்லை. அது வேறு ஓர் உடம்பு எடுத்தது. உடம்பு என்று சொன்னேனே, அதைச் சற்று விளக்க வேண்டும்.

ஒரு கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். அதற்குக் கை இல்லை, கால் இல்லை. ஆனாலும் அது நிலம் வாங்கும், விற்கும், வழக்குப் போடும், வழக்குக்கு உள்ளாகும். "கண்ணுக்குத் தெரியாதது எப்படி ஆளாகும்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். தமிழர்களுக்கு இது புதிதா? நம் ஊர்க் கோயிலில் சாமி பெயரில் நிலம் இருக்கிறதே! பட்டா சாமி பெயரில்தானே! சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் சண்டேசுவரர் பெயரில் நடந்திருக்கிறது. இன்றைய இந்தியச் சட்டமும் கோயில் மூர்த்தியைச் சொத்து வைத்திருக்கும் ஓர் ஆளாக ஏற்றுக்கொள்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சாமி சொத்தைத் தின்றவனுக்கு ஊர் அஞ்சச் சொல்லிக்கொடுத்தது. கம்பெனி சொத்தைத் தின்றவனுக்கு அஞ்சச் சொல்லிக்கொடுக்கச் சட்டம்தான் வர வேண்டியிருந்தது.

1855-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. வரையறுத்த பொறுப்புச் சட்டம். பெயர்ப் பலகையில் "லிமிடெட்" என்று பார்க்கிறீர்களே, அந்தச் சொல்லின் பொருள் இதுதான். நீங்கள் பத்தாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினால், கம்பெனி மூழ்கினாலும் உங்கள் பத்தாயிரம்தான் போகும். உங்கள் வீட்டின் மேல், மனைவியின் நகை மேல், யாரும் கை வைக்க முடியாது. இது தீமையா? அப்படிச் சொல்லமாட்டேன். இந்த வேலி இல்லாவிட்டால் சாதாரண ஆசிரியரும், கணக்கரும், சிறு வியாபாரியும் ஒரு ரயில்பாதையிலோ ஒரு நூற்பாலையிலோ பங்கு போடத் துணிந்திருக்க மாட்டார்கள். சிறு சேமிப்புகளைப் பெருந்தொழிலாக்கிய பெருமை அந்த ஒரு சொல்லுக்கு உண்டு.

ஆனால் வேலிக்கு இரண்டு பக்கம் உண்டே! இலண்டன் ஒயிட்சாப்பல் பகுதியில் ஆரோன் சாலமன் என்று ஒரு பூட்ஸ் தயாரிப்பாளர் இருந்தார். 1892-இல் தன் தொழிலை லிமிடெட் கம்பெனி ஆக்கினார். சட்டப்படி ஏழு பேர் வேண்டும். அவர், அவர் மனைவி, ஐந்து பிள்ளைகள், கணக்கு சரியாயிற்று. மொத்தப் பங்கு 20,007. அதில் 20,001 அவருடையது. மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. கம்பெனி நொடித்தது. கடன் கொடுத்தவர்கள், "சாலமன்தானே கம்பெனி, அவரே கட்டட்டும்" என்று கேட்டார்கள். 1896-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: சாலமன் வேறு, சாலமன் கம்பெனி வேறு. இன்றுவரை உலகின் பல நாடுகளில் கம்பெனிச் சட்ட வகுப்பு இந்த வழக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது நான்கு எண்களைச் சொல்கிறேன், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1855-இல் ஒரு லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது 25 பேர் வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டே 7 போதும் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரைவேட் கம்பெனி வந்தது. 2 பேர் போதும் என்றார்கள். நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், ஒருநபர் கம்பெனிக்கு இடம் தந்தது, 1 போதும். இருபத்தைந்து, ஏழு, இரண்டு, ஒன்று! கூடி உண்பவர்கள் என்று பிறந்த சொல், தனியே உண்பவனுக்கும் உரியதாகிவிட்டது. தனியாளாகத் தொழில் தொடங்கும் இளைஞனுக்கு அந்தச் சட்டம் பேருதவிதான், அதை வரவேற்கிறேன். ஆனால் சொல்லைக் கேட்டதும் உள்ளே ஒரு கூட்டம் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள் என்றுதான் எச்சரிக்கிறேன்.

இந்த வேலிக்குப் பின்னால் மறைந்துகொள்ள முடியுமா? போபாலைக் கேளுங்கள். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு. பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஆலை யாருடையது? யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெடுக்கு உரியது. அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கார்ப்பரேஷனிடம். தாய்க் கம்பெனி என்ன வாதிட்டது? இந்தியக் கம்பெனி வேறு, நாங்கள் வேறு என்றது. 1989-இல் 47 கோடி டாலருக்கு வழக்கு முடிக்கப்பட்டது. 2001-இல் அந்த அமெரிக்கக் கம்பெனியை டௌ கெமிக்கல் என்னும் இன்னொரு கம்பெனி வாங்கியது. அந்தப் பொறுப்பு எங்களுடையது அல்ல என்று அதுவும் சொன்னது. வாயுவைச் சுவாசித்த தாய்க்கு ஒரே உடம்புதான். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பெனிக்கோ பெயர் மேல் பெயர், சுவருக்குப் பின் சுவர்! கூடி உண்பவர் யார்? கூடிச் சுமப்பவர் யார்?

மனம் கனக்கிறதா? நம் மண்ணில் அந்தச் சொல்லுக்கு மானம் தேடித் தந்த ஒருவர் இருந்தார். தூத்துக்குடியைப் பார்ப்போம், வாருங்கள்!

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தது ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. வழக்கறிஞர் வ.உ.சிதம்பரம் பிள்ளை என்ன நினைத்தார்? கம்பெனியைக் கம்பெனியால் எதிர்க்க வேண்டும் என்று நினைத்தார். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு 40,000. ஒரு பங்கு 25 ரூபாய். ஏன் 25? எளியவனும் ஒரு பங்கு வாங்க வேண்டும் அல்லவா! மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். வ.உ.சி. ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். பம்பாய்க்குப் போய்க் கப்பலோடுதான் திரும்பினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. சாதி பார்க்காமல், மதம் பார்க்காமல் மக்கள் துறைமுகத்தில் திரண்டார்கள்.

எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் அந்தக் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொண்டு, குடையும் பரிசாகத் தந்தது. பெருமுதல் சிறுமுதலை வீழ்த்தக் கையாளும் பழைய ஆயுதம் அது. முதலில் இலவசம், போட்டியாளன் ஒழிந்தபின் வைத்ததே விலை. இன்றும் இந்த ஆயுதத்தை நீங்கள் வேறு வேறு வடிவில் பார்க்கிறீர்கள்.

அந்தக் கப்பல் கம்பெனியை நடத்திய அதே மனிதர், 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். சுப்பிரமணிய சிவாவும் அவரும் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். வேலைநிறுத்தம் வென்றது, கூலி உயர்ந்தது. தான் ஒரு கம்பெனியின் நிர்வாகியாக இருந்தும், இன்னொரு கம்பெனியின் வாசலில் தொழிலாளிக்காக நின்ற அந்த நெஞ்சை எண்ணிப் பாருங்கள்! பங்கு போட்டவர் மட்டும் கம்பெனி ஆகிவிடுவதில்லை, உழைப்பவரும் அந்தப் பந்தியில் உட்கார வேண்டியவர்தாம் என்று அவர் செயலால் சொன்னார். அந்த ஆண்டு மார்ச் மாதமே அவரைக் கைது செய்தார்கள். சிறையில் செக்கிழுத்தார். 1911-இல் கம்பெனி கலைந்தது. காலியா கப்பல் எதிரியின் கைக்கே போயிற்று. தோற்றது கம்பெனிதான். அவர் காட்டிய வழி தோற்கவில்லை.

அந்த வழி இன்று எங்கே இருக்கிறது? ஒன்று சொல்கிறேன். கம்பெனிச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து, 2003 முதல் உற்பத்தியாளர் கம்பெனி என்ற புதிய வகைக்கு இடம் தந்தார்கள். பத்து உழவர்கள் சேர்ந்தால் ஒரு கம்பெனி தொடங்கலாம். பால் கறப்பவர், நெசவாளர், மீனவர் யாரும் தொடங்கலாம். இதன் சிறப்பு என்ன? வழக்கமான கம்பெனியில் பங்கு எத்தனையோ வாக்கு அத்தனை. இங்கே, தனி உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில், ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஒரு வாக்கு, நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒரு வாக்கு. உறுப்பினர் ஆக வேண்டுமானால் உற்பத்தி செய்பவராக இருக்க வேண்டும். உழைக்கிறவனே பங்குதாரன், பங்குதாரனே உழைக்கிறவன். இலாபமும் அவனுக்கு, பொறுப்பும் அவனுக்கு. இங்கே வந்திருக்கும் உழவர் குடும்பத்துப் பிள்ளைகளே, இந்தச் சட்டத்தைப் படியுங்கள்! உங்கள் ஊர் மஞ்சளுக்கும் வாழைக்கும் நீங்களே விலை சொல்ல இது ஒரு படி.

நிறைவாக, பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கடைத்தெருவில் "அண்டு கோ" என்று பலகை பார்க்கிறீர்கள். அந்தக் "கோ" என்பது கம்பெனியின் சுருக்கம்தான். ஆனால் அந்தக் கடைகளில் பல, சட்டப்படி கம்பெனிகள் அல்ல, கூட்டு வியாபாரம். அது தவறும் அல்ல. ஆனால் கம்பெனி என்ற சொல்லைக் கேட்டதும் அரசாங்கமே பின்னால் நிற்பதாக ஒரு நம்பிக்கை நமக்கு வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையைத்தான் 1990-களில் தமிழ்நாட்டில் பல பைனான்ஸ் கம்பெனிகள் சுரண்டின. அதிக வட்டி என்றார்கள். ஓய்வூதியப் பணம் போயிற்று. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் போயிற்று. அந்தக் கண்ணீரின் மேல்தான் 1997-இல் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் ஏமாற்று நின்றதா? பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் வருகிறார்கள். மோதிரம் போட்ட கை வருகிறது, குளிர்சாதன அறை வருகிறது, பளபளக்கும் கார் வருகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. எந்தக் கம்பெனியிலும் ஒரு ரூபாய் போடுமுன், வேலைக்குக் கையெழுத்திடுமுன், நிலத்தைக் கொடுக்குமுன், மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே இருக்கும் ஆட்கள் யார்? இலாபம் வந்தால் யாருக்கு? நட்டமோ கேடோ வந்தால் யார் பொறுப்பு?

பதிவான கம்பெனிக்கு 21 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாள எண் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். மத்திய கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதைப் போட்டால் இயக்குநர்களின் பெயர் தெரியும். வைப்புத்தொகை வாங்குகிற நிதி நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். பதிவு இருப்பதாலேயே நேர்மை வந்துவிடாது. ஆனால் பதிவைக் காட்ட மறுக்கிறவனிடம் நேர்மை இல்லை என்பது உறுதி.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பணம் உங்களுடையது, உழைப்பு உங்களுடையது, ஆகவே கேட்கும் உரிமையும் உங்களுடையது. மூன்று கேள்விக்கும் நேரான பதில் சொல்கிற கம்பெனியோடு சேருங்கள். சொல்லாத கம்பெனியின் படியிலிருந்து இறங்கி வந்துவிடுங்கள்.